நகப் பூச்சுப் போத்தலுக்குள் அக்ரிலேட்: வுழூவுக்கு அப்பாலும் ஒரு கேள்வி இருக்கிறது

பெருநாள் நெருங்கினால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைத்தெருக்களில் துணிக்கடைகளுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேருவது அழகுசாதனக் கடைகளில்தான். ஒரு காலத்தில் மருதோண்டியும் ஒரு போத்தல் கியூடெக்ஸும் போதுமாக இருந்தது. இப்போது அக்ரிலிக் நகம், ஜெல் நகம், ஒட்டு நகம் என்று வகை வகையாக வந்துவிட்டன. பார்லருக்குப் போக வசதியில்லாதவர்கள் முகநூல் விளம்பரத்தைப் பார்த்து, சிறிய நீல விளக்கோடு சேர்த்து ஒரு பெட்டியை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் என்றிருந்தது இன்று பாடசாலை மாணவிகள் வரை வந்திருக்கிறது.

இதைப் பற்றி நம்மிடையே பேச்சு இல்லாமலில்லை. ஆனால் பேச்செல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: வுழூ கூடுமா, குளிப்பு நிறைவேறுமா? நகத்தில் தண்ணீர் சேராவிட்டால் வுழூ நிறைவேறாது என்பதை உலமாக்கள் பல தடவை விளக்கியிருக்கிறார்கள். அதை மீண்டும் எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. நாம் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை. "கூடாது" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டால், பாவிப்பவர்கள் ஒளித்துப் பாவிக்கிறார்கள். ஒளித்துப் பாவிப்பவர்களுக்கு அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்யும் என்று சொல்லிக்கொடுக்க யாரும் இருப்பதில்லை.

அந்தப் போத்தலுக்குள் இருப்பது அக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்த இரசாயனங்கள். வர்ணம், பசை, பிளாஸ்டிக் தகடு, பல் செட் என்று உலகெங்கும் தொழிற்சாலைகளில் தொன் கணக்கில் பாவிக்கப்படுபவை. இவற்றின் குணத்தைத் தெரிந்துகொள்வது கடினமில்லை.

கோர்த்த மணியும் கோர்க்காத மணியும்

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஒருபகுதியம், பல்பகுதியம் என்ற சொற்கள் ஞாபகமிருக்கும். தஸ்பீஹ் மணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் மணி ஒருபகுதியம். நூலில் கோர்த்து முடிந்த மாலை பல்பகுதியம். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்பது தண்ணீர் போன்ற, கடுமையான மணமுள்ள ஒரு திரவம். அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டால் கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்டிக் கிடைக்கிறது. கடைப் பெயர்ப் பலகைகளில் நாம் பார்க்கும் அக்ரிலிக் தகடு அதுதான்.

கோர்த்து முடிந்த நிலையில் இது உடம்புக்கு எவ்வளவு சாதுவானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகளின் கண்களுக்குள், உடைந்த விமான மேற்கூரையின் அக்ரிலிக் துண்டுகள் பாய்ந்தன. அவற்றைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் கவனித்தார். 1949 நவம்பர் 29ஆம் திகதி லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில், வெண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் அதே பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை வைத்தார். இன்று நம் மூத்தம்மாமார் வெண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டு மறுபடி குர்ஆன் ஓத முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் இந்த அக்ரிலேட் குடும்பம்தான் இருக்கிறது.

அப்படியானால் பயம் எதற்கு? ஆபத்து கோர்க்கப்படாத மணிகளில் இருக்கிறது. மாலையாக இறுகியது தோலுக்குள் நுழையாது. தனி மணியோ மிகச் சிறியது; தோலைக் கடந்து உள்ளே போய்விடும். மூத்தம்மாவின் கண்ணுக்குள் இருப்பதும் பேத்தியின் மேசையில் இருக்கும் போத்தலும் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒன்று தொழிற்சாலையில் முழுமையாக இறுகி, சுத்திகரிக்கப்பட்டு வந்தது. மற்றது வீட்டு மேசையில், அரைகுறை வெளிச்சத்தில், விரலில் வழிய வழிய இறுக வைக்கப்படுவது.

உடம்பு மறக்காத ஒவ்வாமை

இந்தத் திரவங்களால் அதிகம் பேருக்கு வரும் கேடு தோல் ஒவ்வாமை. அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமைச் சங்கம் ஒவ்வொரு வருடமும் மக்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஒவ்வாமைப் பொருளை அறிவிக்கும். 2012இல் அது தெரிவு செய்தது அக்ரிலேட்களைத்தான்.

இது நடக்கும் விதம் ஏமாற்றுத்தனமானது. முதல் தடவை, இரண்டாம் தடவை ஒன்றுமே தெரியாது. அந்த நாட்களில் தோலுக்குள் நுழைந்த மூலக்கூறை உடம்பின் எதிர்ப்பாற்றல் எதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது. மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்து, மீண்டும் படும்போது தாக்குதல் தொடங்குகிறது. விரல் நுனி சிவக்கும், கடிக்கும், வெடிக்கும், நீர்க் கொப்புளம் போடும். நகம் சதையிலிருந்து கழன்று தூக்கும். விரலில் ஒன்றுமில்லாமல் கண் இமை வீங்குவதும், கன்னத்திலும் கழுத்திலும் தடிப்பு வருவதும் உண்டு; நகம் பட்ட இடமெல்லாம், அராவும்போது பறந்த தூள் படிந்த இடமெல்லாம் அது வரும்.

தாக்குதல் உடனே வருவதில்லை. ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே வெளித்தெரியும். ஆகவே யாரும் நகத்தைச் சந்தேகிப்பதில்லை. புதுச் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். வாவி இறாலும் நண்டும் சாப்பிட்ட கிரந்தி என்பார்கள். பூச்சு மருந்து போட்டதும் தணியும். அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி நகம் போடுவார்கள்.

நமக்கு ஏற்கெனவே பழக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. அசல் மருதோண்டி சிவக்கும். பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. கறுப்பு மருதோண்டி என்று விற்கப்படுவதில் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் கலக்கப்படுகிறது. அது பட்ட கையில் கொப்புளம் போட்ட பிள்ளைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளை பெரியவளாகித் தலைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கக்கூடும். அக்ரிலேட் ஒவ்வாமையும் அதே மாதிரிதான். ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும்.

அந்த "வாழ்நாள்" என்ற சொல்லில்தான் பெரிய இழப்பு இருக்கிறது. இதே குடும்ப இரசாயனங்கள் வைத்தியத்திலும் பாவிக்கப்படுகின்றன. பல் நிறத்தில் அடைக்கும் பூச்சு, பல் செட், இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் மாற்றும்போது எலும்போடு பிடிக்க வைக்கும் எலும்புச் சீமெந்து, நீரிழிவு நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சரின் பசை எல்லாவற்றிலும் அக்ரிலேட் உண்டு. சென்சர் பசையில் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் பலருக்கு ஒவ்வாமை கொடுத்ததால், அதே அமெரிக்கச் சங்கம் 2020இல் அதைக் கவனிக்க வேண்டிய பொருளாக அறிவித்தது. ஒவ்வாமை வந்த எல்லோருக்கும் இந்தச் சிகிச்சைகள் மறுக்கப்படும் என்பதல்ல. ஆனால் வைத்தியர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டிவரும். சில வேளை வேறு வழி தேட வேண்டிவரும். பதினெட்டு வயதில் பெருநாளுக்குப் போட்ட நகம் அறுபது வயதில் முழங்கால் சத்திரசிகிச்சையின்போது குறுக்கே வந்து நிற்கலாம்.

மலிவு விலையின் மணம்

அக்ரிலிக் நகம் என்பது ஒரு தூளையும் ஒரு திரவத்தையும் கலந்து செய்வது. அந்தத் திரவம் முன்பு மெத்தில் மெத்தாக்ரிலேட்டாக இருந்தது. 1970களின் தொடக்கத்திலேயே நகம் சிதைந்தது, தோல் அழன்றது என்ற முறைப்பாடுகள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்தன. நீதிமன்றம் வரை போய், முழுக்க முழுக்க அந்தத் திரவத்தால் ஆன பொருட்கள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. அதன் பிறகு நல்ல தயாரிப்பாளர்கள் எத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கு மாறினார்கள். ஆனால் மெத்தில் வகை மலிவு. அதனால் உலகெங்கும் மலிவுப் போத்தல்களில் அது இன்னும் தலைகாட்டுகிறது.

அதை அடையாளம் காண மூன்று குறிகள் உண்டு. மூக்கைத் துளைக்கும் இனிப்புக் கலந்த கடும் மணம், அசிட்டோனில் ஊறவைத்தாலும் இலகுவில் கரையாத நகம், மற்றப் பொருட்களோடு ஒப்பிட முடியாத குறைந்த விலை. அது மிகக் கடினமாக இறுகுவதால், எங்காவது இடிபட்டால் ஒட்டிய நகம் உடையாது. சொந்த நகம்தான் சதையோடு பிய்ந்து வரும்.

ஜெல் நகத்தின் கதை வேறு. அதில் எச்.ஈ.எம்.ஏ. என்ற சுருக்கப் பெயருள்ள மெத்தாக்ரிலேட் பெரும்பாலும் இருக்கும். நீல விளக்கின் ஒளிதான் அதை இறுக வைக்கிறது. விளக்கின் வலு குறைவாக இருந்தாலோ, ஒரு நிறுவனத்தின் ஜெல்லுக்கு வேறொரு நிறுவனத்தின் விளக்கைப் பாவித்தாலோ, தடிப்பாகப் பூசினாலோ மேற்பரப்பு இறுகிவிடும், அடியில் திரவம் மிச்சமிருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி மூலம் இந்த இரசாயனமுள்ள நகப் பொருட்களைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பாவிக்க வேண்டும், ஒவ்வாமை எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஜெல் இறுக உதவும் டி.பி.ஓ. என்ற இன்னொரு இரசாயனத்தை, மிருகங்களில் இனப்பெருக்கத்தைப் பாதித்ததாகக் கண்டறியப்பட்டதால், 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் முற்றாகத் தடைசெய்தது. அங்கே பயிற்சி பெற்றவருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது, இங்கே தமிழிலோ சிங்களத்திலோ ஒரு சொல் எச்சரிக்கையில்லாமல் தபாலில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது.

நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு விடயமும் உண்டு. தொழுகை இல்லாத நாட்களில் நகம் போட்டு, குளிப்பு வரும்போது அவசரமாகப் பிய்த்து எறிவது. மாதந்தோறும் இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் சொந்த நகத்தின் மேல் அடுக்கும் கூடவே போகிறது. மெலிந்த நகத்தின் மேல் அடுத்த மாதம் மறுபடி திரவம் படுகிறது. வருடத்துக்கு ஒரு தடவை போடுபவரைவிட இவருக்கே வாய்ப்பு கூட. மார்க்கத்தை மதித்துத்தான் கழற்றுகிறார். ஆனால் கழற்றும் முறையே கேடாகிறது. இதை உம்மாமார் தெரிந்திருக்க வேண்டும்.

புற்றுநோய் வருமா?

வாட்ஸ்அப் செய்திகளில் இந்தக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில்தான் சுற்றுகிறது. உண்மை அவ்வளவு எளிதல்ல. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் மெத்தில் மெத்தாக்ரிலேட்டை "வகைப்படுத்தப் போதிய சான்றில்லை" என்ற மூன்றாம் தொகுதியில் வைத்திருக்கிறது. 2018இல் கூடிய அதன் நிபுணர்கள் மெத்தில் அக்ரிலேட், எத்தில் அக்ரிலேட் உள்ளிட்ட சிலவற்றை "மனிதருக்குப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்" என்ற 2பி தொகுதியில் சேர்த்தார்கள். அது முக்கியமாக மிருகங்களில் செய்த சோதனைகளின் அடிப்படையில். ஆகவே பெருநாளுக்கு நகம் போட்ட பிள்ளைக்குப் புற்றுநோய் என்று பயமுறுத்துவது சரியல்ல. மிகைப்படுத்திச் சொன்னால், உண்மையான கேட்டைச் சொல்லும்போதும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அதிகம் பாதிக்கப்படுபவர் யார்?

வாடிக்கையாளர் மாதத்துக்கு ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். பார்லரில் வேலை செய்யும் பெண் நாள் முழுவதும் அந்த மணத்துக்குள் இருக்கிறாள். குடும்பச் சுமையைத் தூக்க வந்த இளம்பெண்கள் இவர்கள். பர்தாவைப் பேண வேண்டும் என்பதால் நம் ஊர்ப் பார்லர்கள் யன்னல் பூட்டி, திரை போட்டு, ஏசி அறைக்குள் இயங்குகின்றன. அந்தரங்கத்துக்கு அது தேவைதான். ஆனால் மெத்தில் மெத்தாக்ரிலேட் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு பாரமானது. தானாக மேலெழுந்து போகாது. சாதாரண ஏசி அறைக்குள் உள்ள அதே காற்றைத்தான் குளிராக்கிச் சுற்றவிடுகிறது. கண் எரிவு, தலையிடி, தொண்டை அரிப்பு, இருமல் என்று தொடங்கி, சிலருக்கு இது ஆஸ்துமாவில் போய் முடியும்.

தீ ஆபத்தும் உண்டு. இந்தத் திரவம் 10 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். மட்டக்களப்பு வெயிலில் அது எந்நேரமும் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அதே அறையில் தேநீர் வைக்கும் அடுப்பு, நுளம்புத்திரி, சாம்பிராணித் தணல் எதுவும் கூடாது.

இந்த மூலக்கூறுகள் கோர்த்துக்கொள்ளும்போது வெப்பமும் வெளிவருகிறது. ஒரு துளியில் அது நகத்தில் சுள்ளென்று சுடுவதோடு முடிந்துவிடும். பெரிய தாங்கியில் நடந்தால் கதை வேறு. 2012 செப்டம்பர் 29இல் ஜப்பானின் ஹிமேஜி நகரில் ஒரு தொழிற்சாலையின் அக்ரிலிக் அமிலத் தாங்கி இப்படிச் சூடேறி வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் மரணமானார். 36 பேர் காயமடைந்தனர். நமக்கு அருகில் விசாகப்பட்டினத்தில் நடந்ததும் இதே குணத்தால்தான். அங்கே இருந்தது அக்ரிலேட் அல்ல, அதைப் போலவே கோர்த்துக்கொள்ளும் ஸ்டைரீன். கொரோனா முடக்கத்தால் எல்ஜி பொலிமர்ஸ் ஆலை நின்றுகிடந்த நாட்களில் தாங்கி சூடேறி, 2020 மே 7 அதிகாலையில் ஆவி ஊருக்குள் பரவியது. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 12 பேர் உயிரிழந்தனர்.

அந்த ஸ்டைரீன் நம் வாவிக் கரைக்கும் புதிதல்ல. பைபர் தோணியும் படகும் கட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள் பாவிக்கும் ரெசினின் மணம் அதனுடையதுதான். வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ரெசின் கலப்பதும், வெறும் கையால் பூசுவதும் நிற்க வேண்டும். ரெசினில் கலக்கும் ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அதைத் தொடக்கூடாது.

செய்ய வேண்டியவை

வீட்டில் ஜெல், அக்ரிலிக் பெட்டி பாவிப்பதைத் தவிருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எந்த வகையும் வேண்டாம். கல்யாணத்துக்குக் கட்டாயம் என்றால் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். போத்தலில் உள்ளடக்கம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திரவம் தோலில் பட்டால் உடனே துடைத்துச் சவர்க்காரமிட்டுக் கழுவச் சொல்லுங்கள். பட்ட தோலோடு விளக்குக்குள் கையை வைக்க வேண்டாம். பிய்த்து எடுக்காதீர்கள், ஊறவைத்துக் கழற்றுங்கள்.

பார்லர் நடத்துபவர்கள் வெளியே காற்றைத் தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்த வேண்டும். திரை இருந்தபடியே அதைச் செய்யலாம். மெல்லிய லேடெக்ஸ் கையுறையை இந்தத் திரவங்கள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை பாவித்து அடிக்கடி மாற்ற வேண்டும். அராவும்போது முகக்கவசம் தேவை. வேலை செய்யும் பிள்ளைக்கு விரலிலோ இமையிலோ தடிப்பு வந்தால், "பழகிவிடும்" என்று சொல்லாமல் அந்த வேலையிலிருந்து மாற்றுங்கள். இது பழகும் நோயல்ல. படப்படக் கூடும் நோய்.

சூப்பர் குளூவும் இதே குடும்பம்தான். உடைந்த நகத்தை அதனால் ஒட்டாதீர்கள். பருத்தித் துணியில் அது கொட்டினால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவையுங்கள். கண் இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரமென்றால் 1990க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே இந்த அறிகுறிகள் உள்ளவர்கள் பூச்சு மருந்தோடு நிற்காமல் தோல் நோய் வைத்தியரைக் கண்டு, நகம் போட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுகில் மருந்து ஒட்டிப் பார்க்கும் பரிசோதனையால் எந்த இரசாயனம் என்று கண்டுபிடிக்கலாம். உறுதியானால் பல் வைத்தியரிடமும் சத்திரசிகிச்சை வைத்தியரிடமும் ஒவ்வொரு முறையும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

ஊராகச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உள்ளடக்கம் எழுதாத, இறக்குமதியாளர் பெயரில்லாத போத்தல்களைக் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம். பள்ளிவாசல் சம்மேளனங்களும் வர்த்தகர் சங்கங்களும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்து, பார்லர்களில் வேலை செய்யும் பெண்களுக்குப் பெண் வைத்தியர் ஒருவரைக் கொண்டு அரை நாள் வகுப்பு நடத்தலாம். பெண் பிள்ளைகளுக்கான மார்க்க வகுப்புகளில் நகம் பற்றிய சட்டம் சொல்லும்போது, இந்த நகத்தின் விஞ்ஞானத்தையும் ஐந்து நிமிடம் சொல்லலாம். தன்னையும் பிறரையும் தீங்குக்கு உள்ளாக்கக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அந்த விதி பார்லரில் கூலிக்கு நகம் அராவும் பிள்ளையின் நுரையீரலுக்கும் பொருந்தும்.